கோலாலம்பூரில் இருந்துகொண்டு ஒராங் அஸ்லி மக்களுக்குத் தோள் கொடுப்பது எப்படி?

2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் மக்களை மாடிக்கும் கூரைக்கும் துரத்தியது. நம் தமிழர்கள் நிறையப் பேர் வாழும் இடம் அது. மழை ஏன் இப்படிக் கொட்டுகிறது, காடுகள் போனதற்கும் இதற்கும் என்ன தொடர்பு, நாம் என்ன செய்ய முடியும் என்று அதன் பிறகு பலர் கேட்கத் தொடங்கினார்கள். அந்தக் கேள்வி மனத்தில் இருந்தும் எங்கே போய்த் தொடங்குவது என்று தெரியாதவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

என் பதில் நேரானது. தீபகற்ப மலேசியாவின் காடுகளுக்காகப் பல தலைமுறைகளாக நின்றுகொண்டிருப்பவர்கள் ஒராங் அஸ்லி என்ற பூர்வகுடி மக்கள். காலநிலையைக் கெடுத்ததில் அவர்களுக்குப் பங்கே இல்லை என்று சொல்லலாம். ஆனால் காடு அழிந்தாலும் ஆறு கலங்கினாலும் முதல் அடி அவர்களுக்குத்தான். அதனால் எதைக் காப்பது, எப்படிக் காப்பது என்ற முடிவும் அவர்கள் கையில் இருக்க வேண்டும். காலநிலை நீதி என்றால் எனக்கு இதுதான். நாம் செய்ய வேண்டியது அவர்கள் எடுத்த முடிவுக்குக் கை கொடுப்பது.

யார் நிலத்தில் இருக்கிறோம்?

ஒராங் அஸ்லி என்பது ஒரே இனம் கிடையாது. அரசுக் கணக்கில் 18 பிரிவுகள். நெக்ரிட்டோ, செனோய், புரோட்டோ மலாய் என்று மூன்று பெருங்குழுக்களாக வகுத்திருக்கிறார்கள். சிலாங்கூரில் நாம் அதிகம் சந்திப்பது தெமுவான் மக்களை. கேரித்தீவில் மா மெரி மக்கள் வாழ்கிறார்கள். பேராக், பகாங் மலைகளில் செமாய், கிளாந்தான் பக்கம் தெமியார். மொழி, வழிபாடு, காட்டை ஆளும் முறை எல்லாம் பிரிவுக்குப் பிரிவு மாறும்.

இவர்களைப் பார்க்க நெடுந்தூரம் போக வேண்டும் என்று நினைக்காதீர்கள். தாமான்சாரா பெர்டானாவில் அடுக்குமாடிகளுக்கு நடுவே டேசா தெமுவான் என்று ஒரு குடியிருப்பு இருக்கிறது. புக்கிட் லஞ்சானில் காடும் பழத்தோப்புமாக வாழ்ந்த தெமுவான் மக்கள், அந்த வட்டாரம் நகரமானபோது அங்கே குடியமர்த்தப்பட்டார்கள். கோம்பாக் பத்து 12-இல் ஒரு கிராமம் உண்டு. அந்த வட்டாரத்திலேயே ஒராங் அஸ்லி அருங்காட்சியகமும் ஒராங் அஸ்லி மருத்துவமனையும் இருக்கின்றன. வானொலியில் ஆர்டிஎம்மின் அஸ்யிக் எஃப்எம் அவர்களுடைய மொழிகளிலேயே பேசுகிறது. காரில் போகும்போது கொஞ்ச நேரம் கேளுங்கள். புரியாவிட்டாலும் அந்த ஒலி காதுக்குப் பழகட்டும்.

ஒரு சொல்லை மட்டும் இன்றோடு விட்டுவிடுங்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் சிலர் இன்னமும் அவர்களை ‘சக்காய்’ என்கிறார்கள். அது அவர்களை இழிவுபடுத்தும் சொல். நம்மைக் குறித்துச் சொல்லப்படும் இழிசொற்கள் நமக்குத் தெரியும், வேறு விளக்கம் தேவையில்லை.

நம் தோட்டமும் அவர்கள் காடும்

ஒராங் அஸ்லி நிலப் பிரச்சினையைப் பற்றிப் பேசினால் தமிழர்கள் உடனே சொல்வது, “எங்களையும் தோட்டத்திலிருந்து இப்படித்தானே விரட்டினார்கள்” என்பது. உண்மைதான். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயத்து வீடுகள் இடிக்கப்பட்டு, கோயிலும் பள்ளியும் இடம் மாறி, கடைசியில் மக்கள் மலிவு விலை அடுக்குமாடியில் வந்து சேர்ந்த கதை ஏறக்குறைய எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறது. அந்த வலி இருப்பதால் அவர்கள் வலி நமக்குச் சீக்கிரம் புரிகிறது. அது நல்லது.

ஆனால் அதோடு நிறுத்தக்கூடாது. நம் முன்னோர் ரப்பர் மரத்தில் பால் வெட்டிய பல தோட்டங்கள் ஒரு காலத்தில் இவர்கள் நடமாடிய காடுகள். காட்டை வெட்டச் சொன்னவன் வெள்ளைக்காரன், வெட்டியவர்கள் கங்காணியின் பிரம்புக்கு அடியில் இருந்தார்கள், எல்லாம் சரி. இருந்தாலும் அந்த மரங்கள் யாருடைய வாழ்வாதாரம் என்று கேட்க வேண்டிய கடமை நமக்கு உண்டு. கேரித்தீவைப் பாருங்கள். எட்வர்ட் வாலண்டைன் கேரி என்ற தோட்ட முதலாளியின் பெயர்தான் தீவுக்கு. தீவின் பெரும்பகுதி இன்று செம்பனைத் தோட்டம். அதில் நம் மக்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்தார்கள். அதே தீவில் சதுப்புக்காட்டையும் கடலையும் நம்பி மா மெரி மக்கள் வாழ்கிறார்கள். பல தலைமுறையாக அண்டை வீட்டார், ஆனாலும் ஒருவர் கதையை ஒருவர் அறியாதவர்கள். உங்கள் குடும்பம் எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது, அதற்கு முன் அங்கே யார் இருந்தார்கள் என்று தாத்தா பாட்டியிடம் விசாரியுங்கள். இந்த வேலைக்கு அதுதான் சரியான முதல் பாடம்.

ஒரு போராட்டத்தை முழுதாகப் படியுங்கள்

பத்துச் செய்தியை மேலோட்டமாகப் படிப்பதைவிட ஒன்றை ஆழமாகப் படிப்பது நல்லது. கோலாலம்பூர்க்காரர்களுக்கு நான் சொல்வது வட கோல லங்காட் காட்டுக் கதை.

அது ஒரு கரிச்சதுப்புக் காடு. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மட்காத இலையும் மரமும் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கும் நிலம், அத்தனையும் கரிமமாகச் சேமிக்கப்பட்டிருக்கிறது. கால்வாய் வெட்டி நீரை வடித்துவிட்டால் காய்ந்து, மண்ணுக்கு அடியிலேயே புகைந்து எரியும். ஜோஹான் செத்தியா பக்கம் கரிமண் எரிந்து கிள்ளான் முழுக்கப் புகை சூழ்ந்த நாட்களை அங்குள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

2020 பிப்ரவரியில் இந்தக் காப்புக்காட்டின் சுமார் 930 ஹெக்டேரை, அதாவது ஏறக்குறைய மொத்தத்தையும், காப்புப் பட்டியலிலிருந்து நீக்கப் போவதாக அறிவிப்பு வந்தது. காட்டைச் சுற்றி வாழும் தெமுவான் கிராமத்தினர் எதிர்த்தார்கள். அவர்களில் புசுட் பாரு போன்ற கிராமத்தினர் விமான நிலையத்துக்காக ஏற்கெனவே ஒருமுறை இடம்பெயர்ந்தவர்கள். சுற்றுச்சூழல் அமைப்புகள் அவர்களோடு கூட்டணி சேர்ந்தன. எதிர்ப்புக் கடிதங்கள் பல்லாயிரக்கணக்கில் குவிந்தன. அப்படியும் 2021 ஆகஸ்டு இறுதியில் ஒரு செய்தி வெளியானது: 536 ஹெக்டேருக்கு மேல் ஏற்கெனவே நீக்கியாகிவிட்டது. மக்கள் மறுபடி கொதித்தார்கள். 2021 செப்டம்பர் 8-ஆம் தேதி சிலாங்கூர் அரசு அந்த முடிவை ரத்து செய்வதாக அறிவித்தது.

இதில் கவனிக்க வேண்டியது, பல்லாயிரம் கடிதம் போன பிறகும் காடு சத்தமில்லாமல் கைமாறியது. காப்பாற்றியது, ஓயாமல் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்.

இன்னொன்றையும் படியுங்கள். டெங்கில் புக்கிட் தம்போய் கிராமத்தின் சாகோங் தாசி என்பவரும் மற்றவர்களும் தொடுத்த வழக்கு. விமான நிலையத்துக்கு நெடுஞ்சாலை போட 1995-இல் தெமுவான் மக்களின் நிலம் பறிக்கப்பட்டது. மரத்துக்கும் பயிருக்கும் வீட்டுக்கும் மட்டும் காசு கொடுத்தார்கள், நிலத்துக்குக் கிடையாது. 2002-இல் ஷா ஆலம் உயர்நீதிமன்றமும், 2005-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அந்த நிலம் மரபுரிமைப்படி அவர்களுடையது, முழு இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தன. 2010-இல் 65 லட்சம் வெள்ளிக்கு உடன்பாடு ஆனது. பட்டா இல்லாத நிலத்துக்கும் உரிமை உண்டு என்று இந்த மக்கள் நீதிமன்றத்தில் நிலைநாட்டியதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

போய்ச் சேருங்கள்

தமிழர் நமக்கு ஒரு பழக்கம், எதற்கும் ஒரு சங்கம் வைத்துவிடுவோம். இதற்கு வேண்டாம். ஏற்கெனவே இருப்பவை போதும். தீபகற்பக் கிராமங்களின் கூட்டமைப்பான ஜாரிங்கான் கம்போங் ஒராங் அஸ்லி செமெனாஞ்சோங் மலேசியா இருக்கிறது. சபா, சரவாக் பூர்வகுடிகளையும் சேர்த்த தேசிய கூட்டமைப்பு ஜோவாஸ். இரண்டையும் நடத்துபவர்கள் அந்த மக்களே. 1989-இல் காலின் நிக்கலஸ் தொடங்கிய ஒராங் அஸ்லி நலன் மையம் வழக்குகளுக்கும் ஆவணங்களுக்கும் பெரிய துணை. காலநிலை நீதி பேசும் இளைஞர்கள் கிளிமா ஆக்‌ஷன் மலேசியாவில் இருக்கிறார்கள். இவற்றின் சமூக ஊடகப் பக்கங்களைப் பின்தொடருங்கள், பொதுக் கூட்டம் நடந்தால் போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள். கூட்டம் முடிந்ததும் நாற்காலி அடுக்க நில்லுங்கள். பேச்சு அங்கேதான் தொடங்கும்.

பேராக்கின் தீஜா யோக் சோப்பில் போன்ற செமாய்ப் பெண் தலைவர்கள் பேசுவதைத் தேடிக் கேளுங்கள். 2010 மார்ச்சில் ஆயிரக்கணக்கான ஒராங் அஸ்லி மக்கள் நிலக் கொள்கையை எதிர்த்துப் புத்ராஜெயாவில் திரண்டார்கள். அந்தத் திரட்டலைக் கட்டியவர்கள் அந்த மக்களேதான்.

கிராமத்துக்குப் போகும்போது

அழைப்பு இல்லாமல் போகாதீர்கள். அமைப்பு வழியாகவோ கிராமத்து ஆள் வழியாகவோ கேட்டு, நாள் குறித்துப் போக வேண்டும். ஆய்வு, படப்பிடிப்பு, நிகழ்ச்சி என்றால் ஒராங் அஸ்லி மேம்பாட்டுத் துறையான ஜாக்கோவாவின் அனுமதியும் கேட்பார்கள். இது முன்கூட்டியே பார்க்க வேண்டிய வேலை.

போனதும் தோக் பாத்தினை, அதாவது கிராமத் தலைவரைப் பாருங்கள். ஆனால் அவர் தலையசைத்தால் ஊரே ஒப்புக்கொண்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சில ஊர்களில் அரசு அங்கீகரித்த தலைவர் ஒருவர், மக்கள் நம்புகிறவர் வேறொருவர். பெண்களின் பேச்சு கூட்டத்தில் வராமல் அடுப்படியில் வரும், இளைஞர்களின் பேச்சு மோட்டார் சைக்கிள் பக்கத்தில் வரும். எல்லாரும் பேசி முடிக்கும் வரை முடிவு இல்லை என்பது அவர்கள் முறை. அதற்கு ஒரு மாதம் ஆனால் ஒரு மாதம். கோலாலம்பூர் அவசரத்தை டோலிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

மலாயில் பேசுங்கள், பெரியவர்களைத் தோக், மாக்சிக், பாக்சிக் என்று கூப்பிடுங்கள். கொடுக்கும் காப்பியைக் குடியுங்கள். பிள்ளைகளைப் படம் எடுக்காதீர்கள், பெற்றோர் சரி என்றால் தவிர. மதம் பேசவே வேண்டாம். அவர்களில் முன்னோர் வழிபாட்டினர், முஸ்லிம்கள், கிறிஸ்துவர்கள், பஹாய்கள் எல்லாரும் இருக்கிறார்கள். ஆளாளுக்கு வந்து மாற்றப் பார்த்து அவர்கள் சலித்துப் போயிருக்கிறார்கள். பழைய துணி மூட்டை, நெகிழிப் பொட்டலத்தில் அன்னதானம் இதெல்லாம் நல்ல மனத்தோடு செய்வதுதான், ஆனால் கேட்காமல் கொண்டுபோய் இறக்கினால் அது அவர்களுக்குக் குப்பை வேலை. என்ன வேண்டும் என்று கேளுங்கள். பெரும்பாலும் நீங்கள் நினைத்ததாக இருக்காது: பிரிண்டர் மை, பெட்ரோல் செலவு, நில அலுவலகத்துக்குக் கூட வர ஓர் ஆள்.

மா மெரி மக்களின் ஹாரி மோயாங் என்ற முன்னோர் திருநாளுக்குக் கேரித்தீவு சுங்கை பும்புனில் வெளியாட்களை வரவேற்கும் வழக்கம் உண்டு. முதன்முறை போகிறவர்களுக்கு நல்ல வாய்ப்பு. அங்கே தொம்போக் தொப்போ என்ற பெண்கள் குழு நெய்த பாய், கூடைகளை வாங்குங்கள். பேரம் வேண்டாம்.

எதைக் கொடுக்கலாம்

உங்கள் தொழிலைக் கொடுங்கள். கணக்காளர் வரவுசெலவு பார்க்கலாம். வழக்கறிஞர் அலுவலகத்தில் இருப்பவர் ஆவணங்களை அடுக்கலாம். லாரி, வேன் வைத்திருப்பவர் ஆட்களை நீதிமன்றத்துக்கு ஏற்றிச் செல்லலாம். நீதிமன்றக் கூடத்தில் ஊர் மக்கள் நிறைந்திருப்பது பெரிய பலம்.

கூடுதல் நேரம் கொடுக்க முடிந்தவர்களுக்கு வரைபட வேலை. கிராமத்துப் பெரியவர்களோடு காட்டுக்குள் நடந்து, பழைய கல்லறைகள், டுரியான் தோப்புகள், விட்டுப்போன குடியிருப்புகள், ஓடைகளின் பெயர்கள் எல்லாவற்றையும் ஜிபிஎஸ் கருவியில் பதிவார்கள். அவர்கள் காலங்காலமாக அங்கே வாழ்ந்ததற்கு வழக்கில் இதுதான் சாட்சி. பழமரங்களுக்கு வயது தெரியும், நட்டவரின் பெயரைப் பேரன் சொல்வார். இதில் நம் வேலை கருவியைப் பிடிப்பது, பேட்டரி பார்ப்பது, தரவை ஒழுங்காகச் சேமிப்பது. அந்தத் தரவு கிராமத்துக்குச் சொந்தம். ஒரு புள்ளியைக்கூட இணையத்தில் போடக் கூடாது. கல்லறை இருக்கும் இடமும் காஹாரு என்ற அகில் கட்டை கிடைக்கும் இடமும் வெளியே தெரிந்தால் திருடர்களுக்கு வழி காட்டியதாகிவிடும்.

எதிர்ப்புக் கடிதம்

நகரத்தில் இருந்தபடி செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை இது.

முதலில் யாருக்கு எழுதுவது என்று தெரிய வேண்டும். நம் அரசியலமைப்பில் நிலமும் காடும் மாநிலத்தின் கையில், ஒராங் அஸ்லி நலன் கூட்டரசின் கையில். இந்தப் பிளவால்தான் அவர்கள் பல பத்தாண்டுகளாக இரண்டு அலுவலகங்களுக்கு இடையே அலைகிறார்கள். 2019 ஜனவரியில் கூட்டரசே தெமியார் மக்களுக்காகக் கிளாந்தான் மாநில அரசின் மீது வழக்குப் போட வேண்டிய நிலைமை வந்தது. ஆக, காட்டைப் பற்றிய கடிதம் மாநில அரசுக்கும் மாநில வனத்துறைக்கும் போக வேண்டும், ஜாக்கோவாவுக்கு நகல்.

சிலாங்கூரில் காப்புக்காட்டை நீக்குமுன் பொது விசாரணை நடத்த வேண்டும் என்று விதி இருக்கிறது. நாளிதழில் அறிவிப்பு வரும், 30 நாளுக்குள் ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும். 2022-இல் திருத்திய தேசிய வனச் சட்டமும் பொது விசாரணை வேண்டும் என்கிறது, ஆனால் ஒவ்வொரு மாநிலமும் ஏற்றால்தான் அங்கே நடப்புக்கு வரும். அணை, சுரங்கம் போன்ற பெரிய திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையைச் சுற்றுச்சூழல் துறை பொதுப் பார்வைக்கு வைக்கும், அதற்கும் எழுதலாம். எந்த நிலம் எதற்கு என்று ஊராட்சிகள் வகுக்கும் உள்ளூர்த் திட்ட வரைவு இன்னொரு வாசல்.

கடிதத்தில் உங்கள் முழுப்பெயர், அடையாள அட்டை எண், முகவரி, எந்தக் காடு, எந்தத் தேதி அறிவிப்பு என்பது தெளிவாக இருக்கட்டும். பிறகு உங்களுக்கு இதில் என்ன தொடர்பு என்று சொந்த வார்த்தையில் எழுதுங்கள். கிள்ளானில் இருக்கிறீர்கள், புகைமூட்டத்தில் பிள்ளைக்கு மூச்சுத்திணறல் வருகிறது என்றால் அதை எழுதுங்கள். ஒரே மாதிரிக் கடிதம் ஆயிரம் போனால் ஒரே கடிதம் என்று ஒதுக்க வழியுண்டு. அடுத்து, அந்தக் கிராமம் என்ன கேட்கிறதோ அதையே கேளுங்கள். அவர்கள் முழுக் காட்டையும் கேட்கும்போது நீங்கள் “பாதியையாவது விட்டு வையுங்கள்” என்று எழுதிவிடாதீர்கள். கடைசியாக, விசாரணையில் நேரில் பேச விரும்புகிறேன் என்று ஒரு வரி. மலாயில் எழுதுங்கள். முடிந்தால் நேரில் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்குங்கள். முத்திரை இல்லாத கடிதம் வரவே இல்லை என்று சொல்லிவிட முடியும்.

சனிக்கிழமை மாலை கோயில் மண்டபத்தில் நாலு மேசை போட்டு, மலாயில் எழுதத் தடுமாறும் பெரியவர்களுக்கு எழுதிக் கொடுத்துப் பாருங்கள். செந்தூலிலும் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் இதற்கு ஆள் கிடைப்பார்கள்.

மறியல் என்று செய்தி வந்தால்

2016-இல் கிளாந்தானின் குவா மூசாங்கில் தெமியார் மக்கள் மர லாரிகளை மறித்துத் தடுப்பு போட்டார்கள். அப்படி ஒன்று நடந்தால் உடனே கிளம்பத் தோன்றும். கூப்பிட்டால் மட்டும் போங்கள். நகரத்தில் வழக்கறிஞர் எண்ணோடு விழித்திருக்க ஆள் வேண்டும், அரிசிக்கும் பெட்ரோலுக்கும் காசு வேண்டும், காணொளிகளைப் பத்திரப்படுத்த ஆள் வேண்டும். கோலாலம்பூரில் பேரணி என்றால் 2012-ஆம் ஆண்டு அமைதிப் பேரணிச் சட்டப்படி அமைப்பாளர் போலீசுக்கு முன்னறிவிப்பு தர வேண்டும். அந்தச் சட்டம் பேரணி உரிமையைக் குடிமக்களுக்கு மட்டும்தான் தருகிறது. தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வேலைக்கு வந்தவர்கள் இதைத் தெரிந்துகொண்டு, தெருவுக்கு வராமல் மற்ற வேலைகளில் கை கொடுங்கள்.

பச்சைப் பெயரில் வருவதையும் கேளுங்கள்

காலநிலைக்கு நல்லது என்ற பெயரிலேயே இந்த மக்களின் நிலம் போகிறது. குவா மூசாங்கில் கட்டப்படும் 300 மெகாவாட் நெங்கிரி நீர்மின் அணை தெமியார் கிராமங்களை மூழ்கடிக்கும். சபாவில் 2021 அக்டோபரில் 20 லட்சம் ஹெக்டேர் காடு தேக்கிவைக்கும் கரிமத்துக்கு விலை பேசி விற்க 100 ஆண்டு ஒப்பந்தம் கையெழுத்தானது, பூர்வகுடிகளைக் கலந்துகொள்ளாமலே. 2007-ஆம் ஆண்டு ஐ.நா. பூர்வகுடி உரிமைப் பிரகடனத்துக்கு மலேசியா ஆதரவாக வாக்களித்தது. அதன்படி எந்தத் திட்டமும் வருமுன்பே, எல்லா விவரமும் சொல்லி, மிரட்டாமல் ஒப்புதல் கேட்க வேண்டும். வேண்டாம் என்று சொல்லவும் அவர்களுக்கு இடம் வேண்டும். எந்தப் பச்சைத் திட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டாலும் இந்த நாலையும் விசாரியுங்கள். மரம் நடும் விழாவாக இருந்தாலும் சரி.

பணமும் கோப்பும்

நிதி திரட்டினால் கிராமம் சொன்ன கணக்கிலோ அமைப்பின் கணக்கிலோ நேராகப் போகட்டும், உங்கள் சொந்தக் கணக்கில் வேண்டாம். ரசீதுகளைப் படம் எடுத்து, கொடுத்தவர்களுக்கும் கிராமத்துக்கும் ஒரே கணக்கைக் காட்டுங்கள்.

ஒவ்வொரு கடிதம், முத்திரையிட்ட நகல், நாளிதழ் அறிவிப்பு, கூட்டக் குறிப்பு எல்லாவற்றையும் தேதி வாரியாக இரண்டு பிரதி வையுங்கள், ஒன்று கிராமத்தில், ஒன்று அமைப்பில். வேலை மாறி வேறு ஊர் போகிறீர்களா, பிள்ளை பிறந்து நேரம் இல்லையா, யாரும் குறை சொல்ல மாட்டார்கள். சத்தமில்லாமல் காணாமல் போவதுதான் தவறு. போகுமுன் கிராமத்துக்குச் சொல்லிவிட்டு, கோப்பை அடுத்தவர் கையில் கொடுத்து, எந்த அறிவிப்பு எந்த நாளில் முடிகிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.